கூடுதலாக ஓர் இலக்கம்

காசோலையில் தொகையை இரண்டு முறை எழுதுகிறோம். கட்டத்துக்குள் எண்ணால் ஒருமுறை, கோட்டின்மேல் எழுத்தால் ஒருமுறை. இரண்டும் முரண்பட்டால் எது செல்லும் என்பதற்குச் சட்டத்திலேயே விடை இருக்கிறது. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், 18ஆம் பிரிவின்படி எழுத்தால் எழுதிய தொகையே செல்லும். கணிப்பொறி என்ற பேச்சே இல்லாத காலத்தில் எழுதப்பட்ட இந்தச் சிறிய பிரிவில், இன்று தனித் துறையாக வளர்ந்திருக்கும் மூன்று கேள்விகள் அடங்கியிருக்கின்றன. செய்தியை எந்த வடிவில் எழுதுவது? அதில் பிழை நுழைந்துவிட்டதை எப்படி அறிவது? அறிந்தபின் எது சரியென்று எப்படித் தீர்ப்பது?

கடந்த முக்கால் நூற்றாண்டில் கணிதம் இவற்றுக்குக் கண்ட விடைகள் அபாரமானவை. அவை நம் சட்டைப்பையிலும் பெட்டிக்கடை மேசையிலும் ரயில்பெட்டியின் பக்கவாட்டிலும் ஓசையின்றி வேலை செய்கின்றன. ஆனால் எல்லா இடத்திலும் அவை இல்லை. சோப்புக் கட்டியின் எண் தவறாகப் பதிவாகாமல் காக்கும் ஏற்பாடு, மாதம் ஆயிரம் ரூபாய் அரசு உதவித்தொகைக்குக் காத்திருக்கும் பெண்ணின் வங்கிக் கணக்கு எண்ணுக்கு நாடு தழுவிய விதியாக இன்றும் வரவில்லை. கணிதம் போதாததால் இப்படி ஆகவில்லை. காவலை எங்கே வைப்பது என்று யாரோ எடுத்த முடிவும், யாரும் எடுக்காமல் விட்ட முடிவும்தான் இதற்குக் காரணம். அதைச் சொல்வதற்கு முன் விடைகளைப் பார்த்துவிட வேண்டும்.

பிழையைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான் உண்டு: தேவைக்குமேல் கொஞ்சம் எழுதுவது. ஒரு செய்திக்கு எவ்வளவு போதுமோ அவ்வளவு மட்டும் எழுதினால், அதில் எந்த எழுத்து மாறினாலும் அது வேறொரு சரியான செய்தியாகிவிடும். நம் பத்து இலக்கக் கைபேசி எண் அப்படிப்பட்டது. அதில் கூடுதல் என்று எதுவும் கிடையாது. ஓர் இலக்கம் தவறினால் அது பெரும்பாலும் வேறு யாருடைய எண்ணாகவோ இருக்கும். ரீசார்ஜ் பணம் அங்கே போய்விடும். எந்த எந்திரமும் தடுக்காது, ஏனென்றால் எந்திரத்தின் கண்ணில் அங்கே பிழையே நடக்கவில்லை.

ஏட்டுச்சுவடிக் காலத்துத் தமிழ் இதை நன்றாக அறிந்திருந்தது. ஐங்குறுநூறு என்ற பெயரே பாடல்களின் எண்ணிக்கையைச் சொல்லிவிடுகிறது. உ.வே.சாமிநாதையர் 1903இல் பதிப்பித்த அந்த நூலில் 129, 130ஆம் பாடல்கள் இல்லை. புறநானூற்றில் 267, 268 இல்லை. நூலின் பெயரே சரிபார்ப்புத் தொகையாக நிற்பதால் எத்தனை தொலைந்தன என்றாவது தெரிகிறது. அந்தாதி இன்னும் ஒருபடி மேலே போகிறது. ஒரு பாடலின் முடிவு அடுத்த பாடலின் தொடக்கமாக அமைவதால், நடுவில் ஒன்று விழுந்தால் விழுந்த இடம் தெரியும். விழுந்த பாடல் எந்தச் சொல்லில் தொடங்கி எந்தச் சொல்லில் முடிந்தது என்பதும் தெரியும். ஆனால் பாடலை மீட்க முடியாது. கண்டறிவதும் மீட்பதும் இருவேறு வேலைகள். கூடுதலாக எவ்வளவு எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தே இரண்டில் எது நமக்குக் கிடைக்கும் என்பது அமைகிறது.

கண்டறிய ஓர் இலக்கமே போதும். 8901234567890 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். விளையாட்டாக வரிசையாய் எழுதியதுபோல இருந்தாலும் இது விதிப்படி சரியான பார்கோடு எண். முதல் பன்னிரண்டு இலக்கங்களை மாறி மாறி 1 ஆலும் 3 ஆலும் பெருக்கிக் கூட்டினால் 130 வருகிறது. அது பத்தின் மடங்கு என்பதால் பதின்மூன்றாவது இலக்கம் 0. இப்போது பில் போடுபவர் இதைக் கையால் தட்டும்போது 2, 3 என்பதை 3, 2 என்று மாற்றித் தட்டிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கூட்டுத்தொகை 128 ஆகிவிடும். கடைசி இலக்கம் 2 ஆக இருந்திருக்க வேண்டும், இருப்பதோ 0. எந்திரம் ஏற்க மறுக்கும். (890 என்ற தொடக்கம் பொருள் இந்தியாவில் தயாரானது என்பதற்கான அடையாளம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த எண்ணைப் பெற்ற நிறுவனம் இந்தியப் பதிவு அமைப்பில் உறுப்பினர் என்பது மட்டுமே அதன் பொருள்.)

ஏன் 3? எல்லா இலக்கத்தையும் அப்படியே கூட்டினால் இடம் மாறியது தெரியாது. இரண்டும் மூன்றும் ஐந்துதான், மூன்றும் இரண்டும் ஐந்துதான். 2 ஆல் பெருக்கினால் 0க்கும் 5க்கும் வேறுபாடு மறைந்துவிடும், ஏனென்றால் பத்தின் மடங்கைத் தள்ளிப் பார்க்கும்போது இரண்டும் சுழியமே. 3க்கு இந்தக் குறை இல்லை. ஆனால் அதற்கும் ஓர் ஓட்டை உண்டு. அடுத்தடுத்த இரு இலக்கங்களின் வேறுபாடு 5 ஆக இருந்தால், 16 என்பது 61 ஆக மாறினாலும் தொகையில் சரியாகப் பத்துதான் வேறுபடும். சோதனை அதைக் கோட்டைவிடும்.

நம் ரயில்வேயின் சரக்கு வேகன்களில் எழுதியிருக்கும் பதினொரு இலக்க எண்ணின் கடைசி இலக்கமும் இதே 1, 3 முறையில் வருவதுதான். சென்னை, தூத்துக்குடித் துறைமுகங்களுக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் பின்னால் நிற்க நேர்ந்தால் பாருங்கள்: நான்கு எழுத்து, ஆறு இலக்கம், அதற்கடுத்துச் சிறு கட்டத்துக்குள் தனியாக ஓர் இலக்கம். அது 11ஐ அடிப்படையாகக் கொண்ட கணக்கு. டெபிட் கார்டு எண்ணின் கடைசி இலக்கமும், கைபேசியில் *#06# தட்டினால் வரும் பதினைந்து இலக்க எண்ணின் கடைசி இலக்கமும் ஐபிஎம் நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் வகுத்த முறைப்படி வருபவை. அவர் 1954இல் விண்ணப்பித்து 1960இல் காப்புரிமை பெற்றார். மளிகைக்கடைக்காரரின் ஜிஎஸ்டி எண்ணில் பதினைந்தாவது குறியும் சரிபார்ப்புக்கானதுதான்.

புத்தகங்களின் கதையில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பழைய பத்து இலக்க ஐஎஸ்பிஎன், 11 என்ற பகா எண்ணை அடிப்படையாகக் கொண்டது. ஓர் இலக்கம் தவறினாலும், எந்த இரு இலக்கங்கள் இடம் மாறினாலும், ஒன்றையும் விடாமல் பிடித்துவிடும். அதற்குக் கொடுத்த விலை, மீதி பத்தாக வரும்போது எண்ணின் கடைசியில் ஓர் எக்ஸ் குறியைப் போடவேண்டி வந்தது. 2007 ஜனவரியில் உலகம் பதின்மூன்று இலக்க முறைக்கு மாறியது. புத்தகமும் சோப்பும் ஒரே பார்கோடு குடும்பத்தில் சேர்ந்தன. வசதி கூடியது, காவல் தளர்ந்தது.

எந்தப் பிழையைப் பிடிப்பது என்று முடிவுசெய்ய, மனிதர் எப்படிப் பிழை செய்கிறார் என்று தெரிய வேண்டும். நெதர்லாந்தின் யாகோபஸ் வெர்ஹூஃப் 1969இல் வெளியிட்ட ஆய்வில் அதைத்தான் முதலில் செய்தார். உண்மையில் நேர்ந்த பிழைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பத்தில் ஏறத்தாழ எட்டு ஓர் இலக்கம் மட்டும் மாறியவை; ஒன்று, அடுத்தடுத்த இரு இலக்கங்கள் இடம் மாறியவை. இந்த இரண்டையும் முழுமையாகப் பிடிக்க வேண்டும், எக்ஸ் போன்ற பதினோராவது குறியும் கூடாது. சாதாரணக் கூட்டலில் இது நடக்காது. அவர் ஓர் ஐங்கோணத்தை எடுத்துக்கொண்டார். சீரான ஐங்கோணத்தைத் தன் மேலேயே பொருந்தும்படி ஐந்து விதமாகச் சுழற்றலாம், ஐந்து விதமாகப் புரட்டலாம், மொத்தம் பத்து. இலக்கங்களும் பத்து. சுழற்றிவிட்டுப் புரட்டுவதும் புரட்டிவிட்டுச் சுழற்றுவதும் ஒரே இடத்தில் வந்து நிற்பதில்லை. வரிசை மாறினால் விடை மாறும் இந்தக் குணமே இடமாற்றப் பிழையைப் பிடிக்கும் பொறி. ஒவ்வோர் இடத்துக்கும் இலக்கங்களைக் கலைத்துப்போடும் ஒரு விதியையும் அவர் இதனுடன் சேர்த்தார்.

அந்த ஐங்கோணம் இன்று இந்தியர் பெரும்பாலோரின் பெயரிலும் இருக்கிறது. ஆதாரின் பன்னிரண்டாவது இலக்கம் வெர்ஹூஃப் முறையில் கணக்கிடப்பட்டது. நூறு கோடிக்கும் மேற்பட்டோர் தம் எண்ணைச் சொல்ல, கணினி மையத்து ஊழியர் அதை விரைந்து தட்டும் நாட்டில், இது நன்றாக யோசித்து எடுத்த முடிவு என்பேன். ஆனாலும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சரிபார்ப்பு இலக்கம் பொருந்துகிறது என்றால் அந்த எண் உண்மையானது என்று பொருளாகாது. கண்ணை மூடிக்கொண்டு எழுதும் பத்து எண்களில் ஒன்று தற்செயலாகவே பொருந்திவிடும். தட்டச்சுப் பிழையைத் தடுப்பது மட்டுமே அந்த இலக்கத்தின் வேலை.

இதுவரை சொன்னவை மனிதர் விரலில் பிறக்கும் பிழைகள். எந்திரத்துக்குள் பிறப்பவை வேறு வகை.

கணிப்பொறிக்குள் எல்லாமே 0, 1 என்ற பிட்டுகள். 1963இல் வந்த ஆஸ்கி முறை, ஆங்கில எழுத்து, இலக்கம், நிறுத்தற்குறி எல்லாவற்றுக்கும் ஏழு பிட்டுகளில் இடம் கொடுத்தது. மொத்தம் 128 இடங்கள். ஆங்கிலத்தின் முதல் பெரிய எழுத்துக்கு 65ஆம் இடம், பிட்டுகளில் 1000001. எட்டாவது பிட் காலியாக இருந்ததால் அதைப் பல இடங்களில் காவலுக்கு வைத்தார்கள். 1களின் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையாக இருக்கும்படி அந்த பிட்டை 0 ஆகவோ 1 ஆகவோ வைப்பது. பாரிட்டி என்று பெயர். வழியில் ஒரு பிட் புரண்டால் ஒற்றைப்படையாகி, பிழை வெளிப்படும். இரண்டு புரண்டால் வெளிப்படாது. எது புரண்டது என்றும் தெரியாது.

எது புரண்டது என்று தெரியாமல் இருப்பதுதான் ரிச்சர்டு ஹாமிங்கைச் சீண்டியது. அவர் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கணித அறிஞர். 1947இல் அங்கிருந்த ரிலே கணிப்பொறியில் அவருடைய கணக்குகள் வார இறுதியில், ஆளில்லாத நேரத்தில் ஓடின. எந்திரம் பிழையைக் கண்டால் அந்தக் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் விடை இருக்காது. பிழை இருக்கிறது என்று எந்திரத்தால் கண்டுபிடிக்க முடிகிறபோது, எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துத் திருத்தவும் ஏன் முடியாது என்பது அவருடைய கேள்வி. விடையை 1950இல் வெளியிட்டார்.

அந்த விடை எந்தப் பள்ளி மாணவருக்கும் புரியும் அழகு கொண்டது. ஒன்றையொன்று வெட்டும் மூன்று வட்டங்களை வரையுங்கள். வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் நான்கு பகுதிகளில் செய்தியின் நான்கு பிட்டுகளை எழுதுங்கள். ஒவ்வொரு வட்டத்திலும் தனித்து எஞ்சும் பகுதியில், அந்த வட்டத்துக்குள் 1களின் எண்ணிக்கை இரட்டைப்படையாகும்படி ஒரு பிட்டை எழுதுங்கள். மொத்தம் ஏழு பிட்டுகள். இவற்றில் எந்த ஒன்று புரண்டாலும், அது எந்தெந்த வட்டங்களுக்குள் இருக்கிறதோ அந்த வட்டங்களில் மட்டும் கணக்கு கெடும். மூன்று வட்டமும் கெட்டால் நடுவில் உள்ளது. முதல் இரண்டு மட்டும் கெட்டால் அவை இரண்டும் படியும் பகுதியில் உள்ளது. ஒன்று மட்டும் கெட்டால் காவல் பிட்டே புரண்டிருக்கிறது. ஒரு வட்டமும் கெடாத நிலையையும் சேர்த்து எட்டு சாத்தியங்கள். பிட்டுகள் ஏழு, பிழையில்லாத நிலை ஒன்று. ஒன்றுகூட வீணாகாத பொருத்தம்.

எட்டாவதாக ஒரு பாரிட்டி பிட்டைச் சேர்த்தால் ஒரு பிழையைத் திருத்தவும் இரண்டு பிழையைக் கண்டறியவும் முடியும். இந்த எண்ணத்தின் விரிவுதான் இன்றைய சர்வர்களின் நினைவகத்தில் இருக்கிறது: 64 பிட் செய்திக்கு 8 பிட் காவல். அது தேவைதானா என்று கேட்பவர்களுக்கு இரண்டு செய்திகள். கூகுள் தன் சர்வர்களை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட கட்டுரையில், நினைவகப் பலகைகளில் எட்டு சதவீதத்துக்கும் மேற்பட்டவை ஓராண்டுக்குள் ஏதேனும் ஒரு பிழையைக் காட்டின. இன்னொன்று தேர்தல் செய்தி. 2003 மே மாதம் பெல்ஜியத்தின் ஸ்கார்பேக் நகரில், ஒரு வேட்பாளருக்கு வரக்கூடிய அளவைவிட அதிக வாக்குகள் விழுந்ததாக எந்திரம் காட்டியது. மறுபடி எண்ணியபோது கூடுதலாக இருந்தவை சரியாக 4096 வாக்குகள். 4096 என்பது இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போனால் வரும் எண். பதின்மூன்றாவது பிட் ஒன்று 0 இலிருந்து 1 ஆனால் இப்படித்தான் நடக்கும். விண்வெளியிலிருந்து வரும் கதிர்த்துகள் காரணமாக இருக்கலாம் என்று நிபுணர்கள் கருதினர். நேரடிச் சான்று இல்லை. அங்கே பிழையைப் பிடித்தது எந்தக் காவல் பிட்டும் இல்லை, விழுந்த வாக்கு நடைமுறையில் சாத்தியமில்லாத எண்ணாக இருந்ததுதான். நாலாயிரம் கூடுதல் வாக்கு, நம்பத்தகுந்த எல்லைக்குள் விழுந்திருந்தால்?

ஒற்றை பிட் புரள்வதற்கு ஹாமிங் போதும். ஆனால் உலகில் சேதம் பெரும்பாலும் கொத்தாக வரும்: குறுந்தகட்டில் கீறல், காகிதத்தில் எண்ணெய்க் கறை, அலைவரிசையில் ஒரு நொடி இரைச்சல். இதற்கு 1960இல் இர்விங் ரீடும் குஸ்டாவ் சாலமனும் வழி கண்டார்கள். இரண்டு புள்ளிகள் இருந்தால் ஒரு நேர்கோடு தீர்மானமாகிவிடும். செய்தியை இரண்டு எண்களாகக் கொண்டு ஒரு கோட்டை வரைந்து, அந்தக் கோட்டின்மேல் நான்கு புள்ளிகளை எடுத்து அனுப்புகிறோம். வழியில் ஒரு புள்ளி இடம்பெயர்ந்தால் மற்ற மூன்றும் ஒரே கோட்டில் நிற்கும். பெயர்ந்தது எது என்று உடனே தெரியும், சரியான இடமும் தெரியும். இரண்டு புள்ளிகள் பெயர்வதற்கு மாறாக அழிந்தே போயிருந்தால், அதாவது இடம் தெரிந்த இழப்பாக இருந்தால், எஞ்சிய இரண்டே போதும். எங்கே இழந்தோம் என்று தெரிந்திருப்பது மீட்கும் ஆற்றலை இருமடங்காக்குகிறது. கோட்டுக்குப் பதிலாக உயர்படி வளைவுகளையும், சாதாரண எண்களுக்குப் பதிலாக 256 உறுப்புகளே கொண்ட ஓர் எண்கணிதத்தையும் வைத்துக்கொண்டால் அதுதான் ரீட்-சாலமன் முறை.

டீக்கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் யூபிஐ க்யூஆர் அட்டையில் இருப்பது இதுவே. ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவின் குழு 1994இல் அதை உருவாக்கியது கார் உதிரிபாகங்களைக் கண்காணிக்க. தொழிற்சாலை அழுக்கிலும் படிக்க வேண்டும் என்பதால் நான்கு நிலைக் காவல் வைத்தார்கள். குறைந்த நிலையில் சுமார் 7 சதவீதம், உச்ச நிலையில் சுமார் 30 சதவீதம் சேதத்தை மீட்கலாம். இலவசமாகக் கிடைக்கும் காவல் எதுவும் இல்லை. மிகச் சிறிய க்யூஆரில், எட்டு பிட்டுகள் கொண்ட பைட்டுகள் 26. உச்ச நிலையைத் தேர்ந்தால் அவற்றில் 17 காவலுக்கே போய்விடும், செய்திக்கு எஞ்சுவது 9. நடுவில் நிறுவனச் சின்னத்தை ஒட்டியும் அட்டை வேலை செய்கிறதே என்றால், அந்தச் சின்னமும் எந்திரத்துக்கு ஒரு சேதம்தான். ரீட்-சாலமன் அதைத் தாண்டிப் படிக்கிறது. ஆனால் மூலைகளில் உள்ள மூன்று பெரிய சதுரங்கள் இந்தக் காவலுக்கு வெளியே நிற்பவை. படம் எங்கே தொடங்குகிறது என்று கேமராவுக்குச் சொல்பவை அவைதான். அவற்றில் ஒன்று கிழிந்தால் மற்றதெல்லாம் சுத்தமாக இருந்தும் படிப்பது கடினம்.

அந்த அட்டையில் நம் நாட்டவரின் பெயரும் ஒளிந்திருக்கிறது. எந்த நிலைக் காவல் என்பது உள்ளிட்ட வடிவ விவரத்தைக் குறிக்கும் ஐந்து பிட்டுகளை மட்டும், பத்துக் காவல் பிட்டுகளுடன் சேர்த்து, மூலைச் சதுரங்களை ஒட்டி இரண்டு முறை எழுதியிருப்பார்கள். அது பிசிஎச் முறை. அதன் முதலெழுத்துக்குரிய ராஜ் சந்திர போஸ், கல்கத்தாவில் மகலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் வளர்ந்தவர். நடு எழுத்து அவருடன் 1960இல் அதை வெளியிட்ட ராய் சவுத்ரிக்குரியது. பிரான்சின் ஓக்கெங்கெம் அதற்கு ஓராண்டு முன்பே தனியாகக் கண்டிருந்தார். போஸ் முதலில் உழைத்தது வயல் சோதனைகளுக்கான வடிவமைப்பில். எந்தப் பாத்தியில் எந்த விதை, எந்த உரம் என்று சமமாகப் பங்கிட உதவிய கணிதம், பிட்டுகளைக் காவலோடு பங்கிடவும் உதவியது. அவருடைய நிறுவனத்துச் சகா சி.ஆர்.ராவ் 1947இல் வகுத்த செங்குத்து அணிவரிசைகளும் குறியீட்டுக் கோட்பாட்டின் அடித்தளத்தில் இருக்கின்றன. நம் பாடப்புத்தகங்கள் இவர்களைப் பற்றி ஒரு பக்கமாவது எழுத வேண்டும் என்பது என் ஆசை.

இத்தனைக்கும் மேல் ஓர் எல்லை உண்டா? உண்டு. ஹாமிங் இருந்த அதே ஆய்வகத்தின் கிளாட் ஷானன் 1948இல் அதைக் கணக்கிட்டுவிட்டார். எவ்வளவு இரைச்சலான பாதையானாலும் அதற்கு ஒரு கொள்ளளவு உண்டு. அதற்குள் அனுப்பினால் பிழையை விரும்பிய அளவுக்குச் சிறிதாக்கலாம். எப்படி என்று அவர் சொல்லவில்லை. அந்த எல்லையை நெருங்க 1993இன் டர்போ குறியீடு வரை உலகம் காத்திருந்தது. ராபர்ட் கேலகர் 1960களின் தொடக்கத்திலேயே முன்வைத்து, அன்றைய எந்திரங்களுக்கு அது பெருஞ்சுமையாக இருந்ததால் மறக்கப்பட்ட முறை, இன்று நம் 5ஜி கைபேசியில் தரவைச் சுமக்கிறது.

மீண்டும் கேட்க முடிகிற இடத்தில் இவ்வளவு காவல் தேவையில்லை. இணையத்தில் ஒரு பொட்டலம் கெட்டால் பெறும் எந்திரம் அதைத் தள்ளிவிடும், அனுப்பிய எந்திரம் திரும்ப அனுப்பும். வாயேஜர் 1 விண்கலத்திடம் அப்படிக் கேட்க முடியாது. ஒருவழிச் சமிக்ஞைக்கே 22 மணி நேரத்துக்குமேல் ஆகிறது. 2023 நவம்பரில் அதன் தரவு அமைப்பில் ஒரு நினைவகச் சிப் கெட்டு, பொருளற்ற பிட்டுகள் வரத் தொடங்கின. பொறியாளர்கள் சேதமான பகுதியைக் கண்டு, அங்கிருந்த நிரலைப் பிரித்து வேறு இடங்களில் குடியமர்த்தி, 2024 ஏப்ரலில் கலத்தை மறுபடி பேச வைத்தார்கள். அங்கே பிழையின் இடத்தைக் கண்டுபிடித்ததும் திருத்தியதும் மனிதர்கள்தான்.

இதுவரை பார்த்த காவல்கள் எல்லாம், அனுப்பிய பிட்டுகளே வந்து சேர்ந்தனவா என்று மட்டும் கேட்பவை. ஒரு பிட்கூட மாறாமல் வந்து, பொருள் மட்டும் தொலைவதும் உண்டு. தமிழர்களுக்கு இது நேரடி அனுபவம். ஆஸ்கியில் பாரிட்டிக்குப் பயன்பட்ட எட்டாவது பிட்டைப் பின்னாளில் பிற மொழிகள் எடுத்துக்கொண்டன. கிடைத்த 128 புதிய இடங்களில் தமிழை அவரவர் விருப்பப்படி அடுக்கினார்கள். டிஸ்கி ஒருவிதம், 1999 தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி அரசு அறிவித்த டாப், டாம் இன்னொருவிதம், ஈழத்திலும் புலம்பெயர்ந்த தமிழரிடையிலும் பரவிய பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே. ஓர் எழுத்துருவில் எழுதியதை இன்னொன்றில் திறந்தால் குப்பையாகத் தெரியும். அன்றைய மின்னஞ்சல்களும் நூல்களும் எத்தனையோ இன்றும் படிக்க முடியாமல் பழைய தட்டுகளில் கிடக்கின்றன. அவற்றின் பிட்டுகள் பழுதின்றி இருக்கும். எந்த அடுக்கு என்று எழுதிவைக்காததுதான் இழப்பு.

யூனிகோடு இதைத் தீர்த்தது. யூனிகோடு எண்களைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையை 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்தபோது, அதிலும் நுட்பமான ஒரு காவலை வைத்தார்கள். தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டுகள். முதல் பைட் தான் மூன்றில் முதலாவது என்று தன் வடிவிலேயே சொல்லும். மற்ற இரண்டும் தாம் பின்தொடர்பவை என்று சொல்லும். நடுவில் ஒரு பைட் தொலைந்தால் ஓர் எழுத்து மட்டும் சிதையும், அடுத்த எழுத்திலிருந்து மறுபடி ஒழுங்காகப் படிக்கலாம். தமிழ் என்ற மூன்றெழுத்துச் சொல் ஐந்து குறிகள், பதினைந்து பைட்டுகள். குறுஞ்செய்திக்கோ வேறொரு குறியேற்றம். ஆங்கிலத்தில் 160 குறிகள் அடங்கும் செய்தியில் தமிழுக்கு 70தான்.

ஆனாலும் ஒரு பிழை எஞ்சியிருக்கிறது. ‘கௌரி’ என்று எழுத ஔகாரக் குறி ஒன்றே போதும். பலர் எகரக் கொம்பைப் போட்டு அடுத்து ளகரத்தைத் தட்டிக் ‘கெளரி’ என்று உள்ளிடுகிறார்கள். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. கணிப்பொறிக்கு முன்னது இரண்டெழுத்துப் பெயர். பின்னது மூன்றெழுத்து, கெ, ள, ரி. பட்டாவில் ஒருவிதமாகவும் வாக்காளர் பட்டியலில் வேறுவிதமாகவும் பதிவானால், தேடலில் அந்தப் பெண் இல்லாமலே போய்விடுவார். ஒகரக் குறியை ஒன்றாக உள்ளிட்டாலும் இரண்டு பாதியாக உள்ளிட்டாலும் சமம் என்று யூனிகோடு விதி வைத்திருக்கிறது. கெளரிக்கு அப்படி விதி வைக்க முடியாது, ஏனென்றால் எகரமும் ளகரமும் அடுத்தடுத்து வரும் தமிழ்ச் சொற்கள் உண்மையிலேயே உண்டு. தெளிவு என்பதே அப்படித்தான். இங்கே காவல் மொழியறிவிலிருந்து வர வேண்டும். எந்த எழுத்து சொல்லின் முதலில் வரும், எந்த மெய்க்குப் பக்கத்தில் எந்த மெய் நிற்கும் என்று தொல்காப்பியமும் நன்னூலும் வகுத்த விதிகள் உண்மையில் தமிழுக்குள்ளேயே இருக்கும் கூடுதல் பிட்டுகள். ழகரத்தில் தொடங்கும் சொல்லை ஒரு வருடி படித்துத் தந்தால் அது தவறு என்று விதியே காட்டிக்கொடுக்கும். அரசுப் படிவங்களின் பெயர்க் கட்டத்தில் இத்தகைய சோதனையைச் சேர்க்கப் பெரிய செலவு ஆகாது.

வேறொரு எல்லையையும் சொல்ல வேண்டும். இந்தக் காவல்கள் தற்செயலுக்கு எதிரானவை, வஞ்சகத்துக்கு எதிரானவை அல்ல. கடைக்காரரின் க்யூஆர் மேல் திருடன் தன் க்யூஆரை ஒட்டிவிட்டால், ரீட்-சாலமனின் பார்வையில் அது பிழையே இல்லாத அட்டை. வஞ்சகத்தைத் தடுக்க வேண்டியது டிஜிட்டல் கையொப்பம். ஆதார் அட்டையில் அச்சிடும் க்யூஆரில் அது இருக்கிறது. சரிபார்ப்பு இலக்கத்தைப் பாதுகாப்பு என்று எண்ணி ஏமாறுவது, பூட்டே இல்லாத கதவைச் சாத்தியிருப்பதால் நம்புவது போன்றது.

வங்கிக் கணக்கு எண்ணுக்கு வருகிறேன். ஐரோப்பாவில் கணக்கு எண்ணோடு இரண்டு சரிபார்ப்பு இலக்கங்கள் சேர்ந்தே வரும். முழு எண்ணை 97 ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். தவறாகத் தட்டிய எண் வங்கியைத் தொடுவதற்கு முன்பே தடுக்கப்படும். இந்தியாவில் வங்கிக்கு வங்கி எண்ணின் நீளமே வேறு, நாடு முழுதுக்கும் பொதுவான சரிபார்ப்பு விதி கிடையாது. பதினொரு குறி ஐஎஃப்எஸ்சியிலும் அப்படி ஒன்று இல்லை. மின்னணுப் பணப் பரிமாற்றத்தில் பெயரை ஒப்பிடாமல் கணக்கு எண்ணை மட்டும் வைத்தே வரவு வைக்கலாம் என்று 2010இலிருந்து ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் இருந்துவருகிறது. எனவே ஓர் இலக்கத் தவறு, முன்பின் தெரியாத ஒருவரின் கணக்கில் போய் உட்காரும். எண்ணை இரண்டு முறை தட்டச் சொல்வது ஒரு காவல்தான். ஆனால் மங்கிப்போன பாஸ்புக்கில் 3ஐ 8 என்று படித்தவர் இரண்டு முறையும் 8 என்றே தட்டுவார். 2025 ஏப்ரல் முதல், நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் வழியே அனுப்பும் முன் பெறுபவரின் பெயரைப் பார்க்கும் வசதியை வங்கிகள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி பணித்தது. நல்ல முடிவு, தாமதமாக வந்தது. அந்தப் பெயரும் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் வருகிறது. தமிழ் மட்டும் படிப்பவருக்கு அந்தக் காவல் பாதிதான்.

அரசு உதவித்தொகைகளில் ஆதார் எண்ணையே முகவரியாக வைத்துப் பணம் அனுப்பும் முறை இதைத் தீர்த்திருக்க வேண்டும். எண் தவறுவதை வெர்ஹூஃப் இலக்கம் தடுத்துவிடுகிறது. ஆனால் அந்தப் பணம், கடைசியாக எந்த வங்கியில் ஆதார் இணைக்கப்பட்டதோ அந்த வங்கிக்குப் போகிறது. எப்போதோ ஒரு கடனுக்காகவோ கேஸ் மானியத்துக்காகவோ திறந்து மறந்துபோன கணக்கில் தொகை சேர, உதவித்தொகைக்குக் காத்திருக்கும் பெண் தான் அறிந்த வங்கியின் வரிசையில் நின்று வரவில்லை என்ற பதிலோடு திரும்புகிறார். ஒவ்வொரு பிட்டும் சரி, ஒவ்வோர் இலக்கமும் சரி. அமைப்பின் பதிவேட்டில் பிழை என்று எதுவும் இல்லை. எந்த வங்கி இணைந்திருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்தில் பார்க்கலாம், அதற்கு இணையமும் கைபேசிக்கு வரும் ஓடிபியும் வேண்டும். முதல் தவணையை அனுப்புவதற்கு முன் ‘உங்கள் தொகை இன்ன வங்கிக்கு வரும், அது சரியில்லை என்றால் இ-சேவை மையத்தில் சொல்லுங்கள்’ என்று அவருக்கே தமிழில் கேட்டுவிடலாம். எழுபது குறிகள் கொண்ட குறுஞ்செய்தி ஒன்றோ இரண்டோ போதும்.